ஒளி எதன் வழியே போகும், எதில் நிற்கும்?

கேள்வி இதுதான்: பொருட்களை ஒளி ஊடுருவுபவை, ஒளி கசிபவை, ஒளி புகாதவை என்று பள்ளியில் மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பொருள் இதில் எந்த வகை என்பதை எது முடிவு செய்கிறது? கண்ணாடியின் அணுக்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால்தான் ஒளி உள்ளே போகிறதா? சாதாரணக் காகிதம் எண்ணெய் பட்டதும் மட்டும் ஏன் ஒளியை விடுகிறது?

இடைவெளி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது காரணம் இல்லை. ஜன்னல் கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், அலுமினியத்துக்கு 2.7. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நெருக்கமானவைதான். மரமோ தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது, உள்ளே காற்று நிறைந்த நுண்குழல்கள் ஏராளம். ஆனாலும் ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரிவதில்லை. அதோடு, கண்ணாடியில் அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே உள்ள தூரம் 0.2, 0.3 நானோமீட்டர் அளவுதான் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். ஆயிரம் மடங்குக்கு மேல் பெரிய அலை அந்தச் சந்தில் நுழைந்து போகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு அலைநீளம் பக்கமுள்ள கனசதுரத்தைக் கண்ணாடிக்குள் கற்பனை செய்து பாருங்கள். அதற்குள் நூறு கோடிக்கு மேல் அணுக்கள் இருக்கும். ஒளி அவற்றைத் தவிர்த்துப் போவதில்லை. அவை அத்தனையையும் அசைத்துக்கொண்டுதான் போகிறது.

மூன்று வகை என்று பிரிப்பது ஆரம்ப வகுப்புக்குச் சரி. ஆனால் அது மனத்தில் ஒரு தவறான படத்தைப் பதித்துவிடுகிறது. ஒரு கோட்டின் இந்த முனையில் கண்ணாடி, அந்த முனையில் இரும்பு, நடுவில் எண்ணெய்க் காகிதம். முழுக்க விடுவது, பாதி விடுவது, விடவே விடாதது என்று ஒரே அளவுகோல் இருப்பதுபோல நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பொருளுக்குள் போகும் ஒளி விழுங்கப்படுகிறதா, பிழைக்கிறதா என்பது ஒன்று. பிழைத்த ஒளி வந்த திசையைக் காப்பாற்றிக்கொள்கிறதா, தொலைத்துவிடுகிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் எலக்ட்ரான்களிடம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் பொருளின் உள்ளமைப்பில், அதுவும் அலைநீளத்தை ஒட்டிய அளவுகளில் இருக்கிறது. சுண்ணாம்புக் கட்டியையும் கரித்துண்டையும் ஒளி புகாதவை என்று ஒரே பெட்டியில் போடுகிறோம். ஆனால் சுண்ணாம்புக் கட்டி ஒளியை விழுங்குவது மிகக் குறைவு. அந்த வகையில் அது கரியைவிடக் கண்ணாடிக்குத்தான் நெருங்கிய உறவு.

எலக்ட்ரான்களிலிருந்து தொடங்குவோம். ஒளி, அலையாகப் பரவும் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்தது. அது ஒரு பொருளின் மேல் பட்டதும் அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆட்டுவது வேறு, விழுங்கப்படுவது வேறு. விழுங்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒளி தன் ஆற்றலை ஃபோட்டான் என்ற பொட்டலங்களாகத்தான் கொடுக்கும்; எலக்ட்ரானோ தான் இருக்கும் நிலையிலிருந்து மேலே ஒரு காலி நிலைக்குத் தாவப் போதுமான பொட்டலம் கிடைத்தால்தான் வாங்கிக்கொள்ளும். பாதி தூரம் தாவி நடுவில் நிற்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் சிவப்பு முனையில் சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), ஊதா முனையில் சுமார் 3.1. தூய சிலிக்கா கண்ணாடியில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி 9 எலக்ட்ரான் வோல்ட் அளவு, வைரத்தில் 5.5. கண்ணுக்குத் தெரியும் எந்த நிறத்தின் ஃபோட்டானுக்கும் அவ்வளவு வலு கிடையாது. அதனால் விழுங்கப்படாமல் போகிறது.

சிலிக்கானில் அந்த இடைவெளி 1.1 மட்டுமே. எல்லா நிறமும் அதில் மாட்டிக்கொள்ளும். கையில் எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் தகடு. ஆனால் சுமார் 1.1 மைக்ரோமீட்டருக்கு (அதாவது 1100 நானோமீட்டருக்கு) மேல் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளிக்கு அந்தச் சிலிக்கானே தெளிந்த ஜன்னல். வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராக்களில் பல, ஜெர்மானியத்தில் செய்த லென்ஸ் போட்டவை. நம் கண்ணுக்கு அந்த லென்ஸ் வெறும் உலோகத் தட்டுபோல இருக்கும். 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் வேலை செய்யும் கேமராவோ அதன் வழியே நன்றாகப் பார்க்கிறது. ஜன்னல் கண்ணாடி இதற்கு நேர் எதிர். வெப்பக் கேமராவுக்கு முன் ஒரு கண்ணாடியைப் பிடித்தால் பின்னால் இருப்பவர் முகம் மறைந்துபோகும், ஏனென்றால் அந்த அலைநீளங்களில் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பிணைப்புகளே அதிர்ந்து ஒளியை விழுங்கிவிடுகின்றன. கறுப்பு பிளாஸ்டிக் பையைப் பிடித்தாலோ அதன் வழியே முகம் தெரியும். ஆகவே "இந்தப் பொருள் ஒளி புகாதது" என்று சொல்லும்போது எந்த ஒளிக்கு என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அரை வாக்கியம்தான்.

பொருள் எந்தத் தனிமத்தால் ஆனது என்பதும் முடிவான பதில் ஆகாது. வைரமும் கிராஃபைட்டும் ஒரே கார்பன். வைரத்தில் எல்லா எலக்ட்ரான்களும் பிணைப்புகளில் இறுகக் கட்டுண்டவை. கிராஃபைட்டில் ஒரு பகுதி எலக்ட்ரான்கள் அடுக்கு முழுக்க அலைகின்றன, எந்தச் சின்ன ஆற்றலையும் வாங்கிக்கொள்ளும். எவ்வளவு நன்றாக வாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு: கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கு, அதாவது ஒரே ஒரு அணு தடிமனுள்ள கிராஃபீன், தன் மேல் படும் ஒளியில் 2.3 சதவீதத்தை விழுங்குகிறது. 2008இல் அளந்து சொன்னார்கள். கேட்கச் சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் 100 அடுக்கு வைத்தால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும், 300 அடுக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 300 அடுக்கின் மொத்தத் தடிமன் ஏறக்குறைய 0.1 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

நிறமும் இதே கணக்கில்தான் வருகிறது. அலுமினியம் ஆக்சைடு படிகம் நிறமற்றது. அதில் அலுமினிய அணுக்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் குரோமியம் உட்கார்ந்துவிட்டால் பச்சையும் ஊதாவும் விழுங்கப்பட்டுச் சிவப்பு மட்டும் மிஞ்சும், அதுதான் மாணிக்கம். ஜன்னல் கண்ணாடியை நேராகப் பார்த்தால் நிறமில்லை, விளிம்பு வழியே பார்த்தால் பச்சை. மணலோடு வந்த இரும்பு கொஞ்சம் உள்ளே இருக்கிறது; சில மில்லிமீட்டரில் தெரியாத அதன் விழுங்கல் ஒரு அடி நீளத்தில் தெரிகிறது.

இப்போது விழுங்கப்படாத ஒளிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். இந்த விஷயத்தின் அழகே இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பாடங்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் இடமும் இதுதான்.

வெற்றிடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, ஒளிவிலகல் எண் (ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பதைச் சொல்லும் எண்) 1.5 உள்ள கண்ணாடியில் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. ஏன் என்று கேட்டால், "ஒவ்வொரு அணுவும் ஃபோட்டானை விழுங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்ப உமிழ்கிறது, அதனால் தாமதம்" என்ற விளக்கம் பரவலாகக் கிடைக்கும். அது தவறு. அப்படி உமிழும் அணு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உமிழலாம். ஒளி நாலாபுறமும் சிதறிப்போகும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது எதுவுமே உருவமாகத் தெரியாது.

நடப்பது வேறு. ஒரு ஊஞ்சலை அதன் இயல்பான தாளத்தைவிட மிக மெதுவாகத் தள்ளி இழுத்தால் அது தள்ளும் கையோடு சேர்ந்து கொஞ்சமாக ஆடும், ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்ளாது. கண்ணாடியின் எலக்ட்ரான்களுக்கு இயல்பான தாளம் புற ஊதாவில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அவற்றுக்கு மெதுவான தள்ளல். எனவே அவை ஒளியோடு சேர்ந்து ஆடுகின்றன. ஆடும் மின்னூட்டம் எதுவும் தானும் ஒரு அலையை வெளியிடும். வந்த அலையும் இந்தக் கோடானுகோடிச் சின்ன அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூடும்போது, முன்னோக்கிய திசையில் கிடைப்பது அதே அதிர்வெண்ணுள்ள, ஆனால் முகடுகள் சற்றுப் பின்தங்கிய அலை. அடுக்கடுக்காக இப்படிப் பின்தங்கிக்கொண்டே வருவதைத்தான் வேகம் குறைந்ததாக அளக்கிறோம். நீல ஒளி, சிவப்பைவிடப் புற ஊதாவுக்குப் பக்கத்தில் இருப்பதால் எலக்ட்ரான்களைக் கூடுதலாக ஆட்டுகிறது, கூடுதலாகப் பின்தங்குகிறது. முப்பட்டகத்தில் நிறங்கள் பிரிவது இதனால்தான்.

சரி, அந்தச் சின்ன அலைகள் பக்கவாட்டிலும் போகுமே? போகும். ஆனால் எந்தப் பக்கத் திசையை எடுத்துக்கொண்டாலும், ஒரு தொகுதி அணுக்களின் அலை முகடாக வந்து சேரும்போது, சற்றுத் தள்ளியுள்ள இன்னொரு தொகுதியின் அலை பள்ளமாக வந்து அதை அழித்துவிடுகிறது. முன்னோக்கிய திசையில் மட்டும் எல்லாம் ஒன்றுக்கொன்று கைகொடுத்து நிற்கின்றன. இந்த அழிப்பு நடக்க வேண்டுமானால் பொருள், அலைநீள அளவில் பார்க்கும்போது, எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. கண்ணாடியில் அவை தாறுமாறாகத்தான் கிடக்கின்றன, தண்ணீரில் ஓடிக்கொண்டே இருக்கின்றன, இரண்டும் தெளிவு. சில நூறு நானோமீட்டர் அகலத்துக்குச் சராசரி எடுத்தால் இங்கும் அங்கும் ஒரே அடர்த்தி வர வேண்டும், அது போதும்.

அந்த ஒருசீர்மை கெட்டால் என்ன ஆகும் என்பதுதான் ஒளி கசியும் பொருட்களின் கதை. தெளிந்த கண்ணாடித் துண்டு ஒன்றை நொறுக்கிப் பொடியாக்கினால் வெள்ளை மாவு கிடைக்கும். எலக்ட்ரான்கள் அதே எலக்ட்ரான்கள்தான், விழுங்கல் துளியும் கூடவில்லை. கூடியது பரப்பு. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பிவிடுகிறது, வெளியேறும்போது இன்னொரு 4. ஜன்னலில் இரண்டே பரப்புகள், 92 சதவீதம் அந்தப் பக்கம் போய்விடும். பொடியில் ஆயிரக்கணக்கான பரப்புகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில். ஒளி உள்ளே நுழைந்து, திசை மாறி மாறி, கடைசியில் பெரும்பகுதி வந்த பக்கமே வெளியேறுகிறது. எல்லா நிறமும் ஒரேபோலத் திரும்புவதால் வெள்ளை. உப்பு, சர்க்கரை, பனி எல்லாம் இப்படித்தான். ஒரு மணியைத் தனியே எடுத்துப் பார்த்தால் தெளிவு, குவியலாகப் பார்த்தால் வெள்ளை.

காகிதத்துக்கும் இதே கதை. அது செல்லுலோஸ் இழைகளின் பின்னல், இடையில் காற்று. செல்லுலோஸின் ஒளிவிலகல் எண் 1.5க்குப் பக்கம், காற்றுக்கு 1. எண்கள் இவ்வளவு வேறுபடுவதால் ஒவ்வொரு இழையும் ஒளியைத் திருப்பி அனுப்பும் எல்லையாகிறது. எண்ணெய் ஊறும்போது காற்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் 1.47 வந்து உட்காருகிறது. எல்லைகள் அங்கேயேதான் இருக்கின்றன. ஒளிக்குத்தான் அவை இல்லாததுபோல ஆகிவிட்டன. தண்ணீருக்கு 1.33 என்பதால் அதுவும் இந்த வேலையைச் செய்யும், கொஞ்சம் குறைவாக, காயும் வரைக்கும். ஈரத் துணி கறுத்துத் தெரிவதும் இதனால்தான்: திரும்பி வர வேண்டிய ஒளி இன்னும் உள்ளே போய்விடுகிறது. சொரசொரப்பாக்கிய கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் தெளிவான ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிப் பாருங்கள். டேப்பின் பசை பள்ளங்களை நிரப்பியதும் அந்த இடம் மட்டும் தெளிந்துவிடும். போரோசிலிக்கேட் கண்ணாடிக் குச்சியைக் கிளிசரினில் முக்கினால் இரண்டுக்கும் 1.47 அளவே இருப்பதால் குச்சி கண்ணுக்கு மறைந்தே போகும்.

இந்த அறிவை வைத்துப் பொருளைச் செய்தவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அலுமினியம் ஆக்சைடு பீங்கான். ஒற்றைப் படிகமாக வளர்த்தால் தெளிவான செயற்கை நீலக்கல் கிடைக்கும், கைக்கடிகாரங்களின் முகப்புக்குப் போடுகிறார்களே அது. அதே பொருளைத் தூளாக்கி, அழுத்தி, சூளையில் சுட்டால் வெள்ளைப் பீங்கான்தான் வரும், காரணம் மணிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட நுண்ணிய காற்றுத் துளைகள். 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள், அந்தத் தூளோடு மிகச் சிறிய அளவு மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்துச் சுட்டால் துளைகள் முழுக்க வெளியேறிவிடுகின்றன என்று கண்டார். ஒளியை விடும் பீங்கான் பிறந்தது. சோடியம் ஆவியின் சூட்டையும் அரிப்பையும் சாதாரணக் கண்ணாடி தாங்காது; இந்தப் பீங்கான் குழாய் தாங்கியது. உயரழுத்த சோடியம் விளக்குகள் அதனால்தான் சாத்தியமாயின. ஆனால் கவனியுங்கள், அந்தக் குழாய் ஒளியை விட்டாலும் உள்ளே இருப்பதைத் தெளிவாகக் காட்டாது. துளைகள் போனபிறகும் மணிகள் இருக்கின்றன. இந்தப் படிகத்தின் ஒளிவிலகல் எண் திசைக்குத் திசை சற்று மாறும். மணிகள் வேறுவேறு திசையில் கிடப்பதால் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி கொஞ்சம் வழி விலகுகிறது. விளக்குக்கு அது ஒரு குறையே இல்லை.

உடம்பிலும் இதற்கு அருமையான சான்று இருக்கிறது. கண்ணின் முன்புறத் தெளிந்த படலமும் வெள்ளைவிழியும் ஒரே கொலாஜன் புரத இழைகளால் ஆனவை. வெள்ளைவிழியில் இழைகள் தடித்தும் மெலிந்தும் கலைந்தும் கிடக்கின்றன, ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. முன்படலத்தில் இழைகள் ஒவ்வொன்றும் சுமார் 30 நானோமீட்டர் தடிமனில், ஏறக்குறைய சம இடைவெளியில் நிற்கின்றன. அந்த ஒழுங்கால் பக்கவாட்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்று 1957இல் டேவிட் மாரிஸ் விளக்கினார். படலத்தில் நீர் கோத்து வீங்கினால் ஒழுங்கு கலைகிறது, பார்வை மங்குகிறது. கண்புரையும் இதே வகைதான்: லென்ஸில் நெருக்கமாக, ஒருசீராக நிறைந்திருந்த புரதங்கள் திரண்டு, அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுள்ள கட்டிகளாகும்போது லென்ஸ் பால்போல் வெளுக்கிறது.

சிதறடிக்கும் துகளின் அளவும் முக்கியம். அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதம் என்று 1871இல் இயற்பியலாளர் ரேலே காட்டினார். 450 நானோமீட்டர் நீலம், 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு சிதறும். வானம் நீலமாவது இதனால். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று அவரே கருதினார். 1921இல் கப்பலில் போன சி. வி. ராமனுக்கு அது ஒப்பவில்லை. கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) திருப்பி, நீர்ப்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளியை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். அந்தத் தேடலின் தொடர்ச்சியாகத்தான் 1928இல் ராமன் விளைவு வந்தது. கடல் நீலத்தில் நீர் சிவப்பை விழுங்குவதற்கும் பெரிய பங்கு உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

துகள் அலைநீளத்தின் அளவை எட்டி அதைத் தாண்டிவிட்டால் இந்த நிறப் பாகுபாடு மறைகிறது. மேகத்தின் நீர்த்துளிகள் 10 மைக்ரோமீட்டர் அளவு, பாலின் கொழுப்புத் துளிகள் சில மைக்ரோமீட்டர், இரண்டும் வெள்ளை. ஆனால் ஒரு தம்ளர் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு டார்ச் அடித்தால், பக்கத்திலிருந்து பார்க்க லேசான நீலமும் நேர் எதிரிலிருந்து பார்க்க மஞ்சளும் தெரியும். பாலில் கொழுப்பைவிட மிகச் சிறிய கேசீன் புரதத் துகள்களும் இருக்கின்றனவே, அவற்றின் வேலை அது.

ஒளி புகாத பொருட்களுக்கு இனி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வெவ்வேறு காரணங்கள், ஒரே பெயர். கரி விழுங்குகிறது. வெள்ளைச் சுவர் சிதறடித்தே திருப்பி அனுப்புகிறது. வெள்ளைப் பெயின்ட்டில் போடும் டைட்டானியம் டையாக்சைடின் ஒளிவிலகல் எண் 2.7ஐ எட்டும், துகள்களை 0.2 முதல் 0.3 மைக்ரோமீட்டருக்குள் வைப்பது சிதறல் உச்சத்தில் இருக்கும் அளவு அது என்பதால். சுண்ணாம்புத் தூளுக்கு அந்த எண் 1.6 அளவே, எண்ணெயில் குழைத்தால் அது வெள்ளையாக மூடாது, கலங்கலாகத்தான் நிற்கும். மூன்றாவது, உலோகம். அதன் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியோடு ஆடி வெளியிடும் அலை, உள்ளே போகும் அலையை அழித்து, வெளியே ஒரு பிரதிபலிப்பாகத் திரும்புகிறது. ஒளி உள்ளே எட்டுவது சில பத்து நானோமீட்டர்தான். அதைவிட மெல்லியதாக, அல்லது அதையொட்டிய தடிமனில் அடித்தால் உலோகமும் ஒளியை விடும். சுமார் 100 நானோமீட்டர் தங்க இலையை வெளிச்சத்தில் பிடித்தால் பச்சை கலந்த ஒளி ஊடுருவி வரும். மைக்கேல் ஃபாரடே 1850களில் இதை விரிவாக ஆராய்ந்தார். விண்வெளி வீரர்களின் முகக்கவசத்தில் உள்ள தங்கப் பூச்சு இந்தத் தன்மையை நம்பித்தான் இருக்கிறது: அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், பார்ப்பதற்குப் போதுமான ஒளியை உள்ளே விடும். அலைநீளம் போதுமான அளவு குறைந்தால் கட்டற்ற எலக்ட்ரான்களால் ஈடுகொடுக்க முடியாது. சோடியம் போன்ற கார உலோகங்களின் மென்படலம் புற ஊதாவுக்கு வழிவிடுகிறது என்று 1933இல் ஆர். டபிள்யூ. வுட் கண்டார்.

தடிமனைப் பற்றி முன்பே கிராஃபீனில் தொட்டோம். ஒரு மீட்டரில் பாதி குறைந்தால் அடுத்த மீட்டரில் மிச்சத்தில் பாதி. 1729இல் பியர் பூகே கண்ட விதி. தூய தண்ணீரில் 700 நானோமீட்டர் சிவப்பு ஏறக்குறைய ஒவ்வொரு மீட்டருக்கும் பாதியாகிறது, நீலம் பல பத்து மீட்டர் தாங்கும். 1000 மீட்டருக்குக் கீழே கடலில் சூரிய ஒளி இல்லை. தம்ளரில் இருக்கும் தண்ணீரும் அந்தத் தண்ணீரும் ஒன்றுதான், ஆழம்தான் வேறு.

கண்ணாடியை இந்த விஷயத்தில் மனிதர்கள் எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போனார்கள் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 1966இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் கண்ணாடி இழையில் செய்தி அனுப்பலாம் என்று எழுதியபோது, அன்றைய இழைகளில் பத்து மீட்டர் தாண்டினால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சியது. குறை கண்ணாடியின் இயல்பில் இல்லை, இரும்பு போன்ற அசுத்தங்களில்தான் இருக்கிறது என்பதே அவர்களின் வாதம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் 1 சதவீதம் மிஞ்சினால் போதும் என்று இலக்கு வைத்தார்கள். 1970இல் கார்னிங் நிறுவனத்தினர் அதை எட்டினார்கள். இன்றைய இழையில் அதே 1 சதவீதம் 100 கிலோமீட்டருக்கு அப்பால் மிஞ்சுகிறது. இப்போது எஞ்சியுள்ள இழப்பில் பெரும்பங்கு, உருகிய கண்ணாடி இறுகும்போது உள்ளே உறைந்துபோன அடர்த்தியின் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் செய்யும் ரேலே சிதறல். அலைநீளத்தைக் கூட்டினால் சிதறல் குறையும். ரொம்பக் கூட்டினால் பிணைப்புகளின் அதிர்வு ஒளியை விழுங்கத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் இடம் 1550 நானோமீட்டர். நீண்ட தூர இழைகள் அந்த அலைநீளத்தைச் சுற்றி இயங்குவது இதனால்.

கடைசியாக, விழுங்கலும் சிதறலும் தனித்தனிக் கேள்விகள் என்று சொன்னேனே, அவை ஒன்றையொன்று தொடும் ஒரு இடம் உண்டு. உயிருள்ள தசை ஒளியைத் தடுப்பது பெரும்பாலும் சிதறலால்: நீருக்கு 1.33, புரதத்துக்கும் கொழுப்புக்கும் அதைவிடக் கூடுதல். நீரின் எண்ணைக் கொஞ்சம் உயர்த்த முடிந்தால் எல்லைகள் மங்கும். 2024இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், உணவுக்கு மஞ்சள் நிறம் தரும் டார்ட்ரசின் என்ற சாயத்தை நீரில் கரைத்து எலியின் தோலில் தடவினார்கள். அந்தச் சாயம் நீலத்தைக் கடுமையாக விழுங்குகிறது. ஒரு இடத்தில் பலமாக விழுங்கும் பொருள், அதைவிட நீண்ட அலைநீளங்களில் ஒளிவிலகல் எண்ணை உயர்த்தும். முப்பட்டகத்தில் பார்த்தோமே, எலக்ட்ரானின் இயல்பான தாளத்தை நெருங்க நெருங்க ஆட்டம் கூடுவது, அதேதான். விளைவாகச் சிவப்பு ஒளியில் நீரின் எண் புரதத்தின் எண்ணை நெருங்கியது, தோல் தெளிந்தது, வயிற்றின் உள்ளுறுப்புகள் தெரிந்தன. கழுவியதும் தோல் பழையபடி ஆனது. எலியின் தோல் மிக மெல்லியது. மனிதத் தோல் ஏறக்குறைய பத்து மடங்கு தடிமன், சாயம் அவ்வளவு ஆழம் இறங்குவது எளிதில்லை. தயவுசெய்து உங்கள் கையில் தடவிப் பார்க்க வேண்டாம். ஆசையாக இருந்தால் காகிதமும் எண்ணெயும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நடப்பது இரண்டு எண்களின் இதே நெருக்கம்தான்.